ஒரு மாணவி உள்ள வரை

ஜூன் 18

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போன மாதம் அனுப்பிய போர்வை வந்து சேர்ந்ததா? அந்த ஊர்க் குளிரைப் பற்றி அப்பா தினமும் ஏதாவது சொல்கிறார், நேரில் போய்ப் பார்த்தவர் மாதிரி.

நேற்று எங்களுக்கு இறுதி ஆண்டு வகுப்பு தொடங்கியது. எங்களுக்கு என்று எழுதிவிட்டேன், பழக்கதோஷம். வகுப்பில் நான் மட்டும்தான். பல் செட் பட்டறையில் வேலை முடிந்து, விரலில் ஒட்டிய பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டே மூன்று மாடி ஏறிப் போனால் பெஞ்சுகள் எல்லாம் காலி. போன வருஷம் என்னோடு படித்த தபால்காரர், அச்சகத்து மனிதர், எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே வரும் அந்த இரட்டைச் சகோதரிகள், யாருமே இல்லை. சிலர் நீ வேலை பார்க்கிற பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் படிப்பையே விட்டுவிட்டார்கள். எனக்கு ராத்திரி ரயிலேறிப் போய்ப் பகலில் படிக்க வசதி ஏது?

துறைத்தலைவர் வந்தார். அவரைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்கவே மாட்டார், அதனால் மாணவர்கள் காற்புள்ளி என்று பெயர் வைத்தார்கள். வருகைப் பதிவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டார். "உள்ளேன் ஐயா" என்றேன். அதற்குப் பிறகும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க பேரையும் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா, இல்ல,"

"கூப்பிடுங்க சார், யாராவது வந்தாலும் வரலாம்."

சிரித்தார். அப்புறம் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

இந்த வருஷம் நான் எழுத வேண்டிய நீண்ட கட்டுரைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் அமைப்பும் என்பதுதான் தலைப்பு. "மூடுறதுக்கு முன்னாடி இது என்னவா இருந்துச்சுன்னு ஒருத்தர் எழுதணும், அது வெளியிலேர்ந்து வர்றவங்களா இருக்கக் கூடாது, இந்த பெஞ்சுல உட்கார்ந்தவங்களா இருக்கணும், ஏன்னா," என்று இழுத்தார். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த ஜூனில் உன் அம்மா பட்டதாரி. சிரிக்காதே.

பதில் போடு.
அம்மா


ஜூலை 3

அன்புள்ள அம்மாவுக்கு,

போர்வை வந்தது. நானும் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அப்பாவிடம் ரொட்டிக்கடை உலை முன்னால் நின்றுவிட்டு உடனே குளிக்க வேண்டாம் என்று சொல்.

ஒரு செய்தி. கேட்டால் நீ சிரிப்பாய். பதிவாளர் அலுவலகத்தில் என்னை ஒருங்கிணைப்புப் பிரிவில் போட்டுவிட்டார்கள். உங்கள் நகரப் பல்கலைக்கழகத்தைப் பிரித்து எங்களோடு சேர்க்கிற பிரிவு. நாற்காலி, மேசை, நூலகப் புத்தகம், ஆசிரியர்களின் பணி விவரம் எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. நீ அங்கே படிக்கிறாய், நான் இங்கே மூடுகிறேன். ஒரே குடும்பத்தில் இரண்டு வேலையும் நடக்கிறது.

இன்னும் தற்காலிகம்தான். கடைசித் துறை மூடுகிற வரைக்கும்தான் இந்தப் பிரிவு இருக்குமாம். அதற்கு முன்னால் வேலை நிரந்தரமானவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றிவிடுவார்கள். எனக்குச் சீக்கிரம் ஆகிவிடும் என்று கண்காணிப்பாளர் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், வீட்டு மனிதர் மாதிரி பேசுகிறார்.

என் அம்மா அங்கே படிக்கிறாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

கட்டுரை எப்படிப் போகிறது என்று எழுது.

உன் மகள்


ஜூலை 21

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்கு நிரந்தரமாகப் போகிறது என்று படித்த அன்று அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ரொட்டி சுடப் போகிற ஆளுக்கு இஸ்திரி எதற்கு என்று கேட்டேன்.

கட்டுரையைக் கேட்டாயே, சொல்கிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தை எந்த ராஜாவும் கட்டவில்லை. துறைமுகக் குமாஸ்தாக்கள் சிலர், வேலை முடிந்த பிறகு ஒரு காலிக் கிடங்கில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து கணக்கும் மொழியும் படித்தார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு சோப்புத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் வேதியியலுக்கு ஒரு கட்டடம் கொடுத்தார். அவருக்கு வேதியியல் மேல் ஆசை இல்லை, சோப்பு காய்ச்சத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. சட்டப் படிப்பு, திவாலான ஒரு வங்கியில். அந்த வங்கியின் இரும்புப் பெட்டக அறைதான் நூலகம். கதவு சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் கத்தினாலும் வெளியே கேட்காது என்று நூலகர் எப்போதும் ஒரு செங்கல்லை அண்டை கொடுத்து வைத்திருப்பாராம். எங்கள் வரலாற்றுத் துறை, காப்பீட்டு நிறுவனம் விட்டுப்போன மூன்றாம் மாடி.

பிற்பாடு மாநகராட்சி எடுத்துக்கொண்டு, பட்டம் கொடுக்கும் உரிமையும் வாங்கித் தந்தது. நாலு புலம், ஆறு கட்டடம். சுற்றிலும் ஒரு மதில்கூடக் கிடையாது. ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெருவைக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் பகல் பிரிவு, மாலைப் பிரிவு என்று இரண்டு, அதற்கு இரண்டு தலைவர்கள். பகல்காரர்கள் எழுதிய கரும்பலகையை மாலைக்காரர்கள் ஏன் அழிக்க வேண்டும் என்று ஆட்சிக் குழுவிலேயே ஒரு முழுக் கூட்டம் சண்டை நடந்திருக்கிறது. அவரவர் எழுதியதை அவரவர் அழிப்பது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் குழுவில் துணைவேந்தர் பக்கத்தில் குமாஸ்தா சங்கத்துக்கு ஒரு நாற்காலி, மாலை மாணவருக்கு ஒரு நாற்காலி. அதைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. நம்மைப் போன்றவர்களுக்கு ஓட்டு இருந்திருக்கிறது.

பிறகு பெரிய பல்கலைக்கழகம் வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. முதலில் சட்டம், அடுத்து வேதியியல், அப்புறம் பகல் பிரிவுகள் மொத்தமும். மாலைப் பிரிவுகள் தானாகக் கரைந்தன. ஆனால் இணைப்புச் சட்டத்தில் பழைய விதி ஒன்றை யாரோ மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். பதிவில் ஒரு மாணவர் உள்ள வரை அந்தத் துறை நடந்தாக வேண்டும். கடைசியாக மிஞ்சியிருப்பது எங்கள் துறை. அந்த ஒரு மாணவர் நான்.

உன் அம்மாவுக்காக விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. மகாராணி கெட்டாள் போ.

அம்மா


செப்டம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

வெகுநாளாக எழுதவில்லை, கோபிக்காதே. அலுவலகத்தில் வேலை தலைக்கு மேல் போகிறது. கையால் எழுத நேரமில்லை, அதனால் தட்டச்சில் அடித்து அனுப்புகிறேன்.

உன் முழங்காலை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பகலெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு, பிறகு மூன்று மாடி ஏறுவது இந்த வயதில் தேவையா? யோசித்துப் பார். ஒரு ஆள் மட்டும் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் என்ன படிப்பு இருக்கும்? இப்போது விலகிக்கொண்டாலும் இதுவரை படித்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். விசாரித்தேன். படித்தவள் என்பதற்கு அது போதாதா?

வற்புறுத்தவில்லை. உன் உடம்புக்காகச் சொல்கிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார்?

உன் மகள்


செப்டம்பர் 17

அன்பு மகளுக்கு,

நலம். அப்பாவும் நலம். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "இதை அவ எழுதலையே, ஆபீஸ்ல எழுதினாப்பல இருக்கே," என்றார். தட்டச்சு என்பதால் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னேன்.

விலகச் சொல்கிறாய். என் முழங்காலைக் கேட்டால் அது எப்போதோ சரி என்று சொல்லியிருக்கும். ஆனால் இங்கே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். காற்புள்ளி சாருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். சின்ன டீச்சர் என்று ஒருத்தி, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள், பொருளாதார வரலாறு நடத்துகிறாள். அவள் வீட்டுக்காரருக்கு இடுப்பில் அடிபட்டு வேலை இல்லை, கைக்குழந்தை வேறு. என்னை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், நான் அவளை டீச்சர் என்பேன். அப்புறம் சாவிக்காரர். கட்டடத்தைத் திறந்து பூட்டுவது அவர்தான், மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில்தான் குடியிருக்கிறார். உங்கள் ஊரில் இவர்கள் மூவருக்கும் இடம் இல்லை என்று ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டதாம். துறை நடக்கிற வரைதான் சம்பளம்.

நான் உட்கார்ந்து படிப்பதால் மூன்று வீட்டில் அடுப்பு எரிகிறது. எழுந்து வா என்றால் எப்படி வருவேன்?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். ஒரு நாள் போகவில்லை. சாவிக்காரர் பட்டறைக்கே வந்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார். அந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

நீ நிம்மதியாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா


நவம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். விடுமுறைக்கு வர முடியாது போலிருக்கிறது. நிரந்தர உத்தரவு கொஞ்சம் தள்ளிப்போகிறது. எனக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்தான். வேறு விசேஷம் இல்லை. இருந்த அறையை மாற்றிவிட்டேன். புதிய அறை சிறியது, ஆனால் எனக்குப் போதும். முகவரி பின்பக்கம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்


நவம்பர் 14

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது. எழுத்து இளைத்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது உங்கள் கண்காணிப்பாளர் வந்தார். சின்ன டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றாள். அவர் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். நீ சொன்னது சரிதான், வீட்டு மனிதர் மாதிரிதான் பேசுகிறார். ஒரு விலகல் கடிதத்தைத் தயாராக அடித்துக் கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்.

"உங்க பொண்ணு எங்ககிட்டதாம்மா இருக்கா. கெட்டிக்காரி. உங்களுக்கு ஒண்ணும் எழுதலையா?"

"எழுதுவா சார். நலமா இருக்கேன்னு எழுதுவா."

அதற்குப் பிறகு உன் நிரந்தர உத்தரவைப் பற்றி அவர் சொன்னதை நான் எழுதவில்லை. அவர் சொன்னது உனக்கே தெரிந்ததுதான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். சின்ன டீச்சர் உள்ளே வந்து, யார் அவர் என்று கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்தாள்.

மகளே, எனக்கு ஒரே ஒரு வரி எழுது. வேண்டாம் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன், யார் வந்தாலும் சரி. போடு என்று எழுதினால் போட்டுவிடுகிறேன், அப்புறம் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். எழுது.

அம்மா


டிசம்பர் 9

அன்பு மகளுக்கு,

நலம். உன் கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன். தபால் தவறியிருக்கலாம் என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அதற்கு முன்னால் மாடியேறிப் போய் மூன்று பேரிடமும் நேரில் சொன்னேன். தபாலில் தெரிந்துகொள்ள விடுவது நியாயமில்லை. உன் பெயரை எடுக்கவில்லை, முழங்கால் என்றேன். காற்புள்ளி சார் என் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லைம்மா," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் தொடங்கி முடித்து நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

சின்ன டீச்சர் என் தேர்வுத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டாள், தலை நிமிரவில்லை, திருத்திக்கொண்டே இருந்தாள். முடித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, மறுபடியும் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்து என் கையில் கொடுத்தாள். நல்ல மதிப்பெண். அதை எங்கே சேர்ப்பது? இனி இடமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இறங்கும்போது சாவிக்காரர் படியில் நின்றார். "அப்ப நான் ரூமைக் காலி பண்ணணுமாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும்.

நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இது நானாக எடுத்த முடிவு. அந்த உத்தரவு வந்ததும் எழுது.

அம்மா


டிசம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் முழங்காலுக்கு இனிமேல் ஓய்வு கிடைக்கும். மருந்துத் தைலம் ஒன்று அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தடவு.

உத்தரவு தயாராகிவிட்டதாம். புது வருஷம் பிறந்ததும் கைக்கு வரும் என்கிறார்கள்.

அம்மா, உனக்கு நிறைய எழுத வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் மகள்


ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ரொட்டிக்கடை முகவரிக்கு எழுதுவதால் பயந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. இது உங்களுக்கு மட்டும். படித்ததும் உலையில் போட்டுவிடுங்கள்.

எனக்கு வேலை போய்விட்டது. அம்மாவின் விலகல் கடிதம் வந்து சேர்ந்த அன்றே துறையை மூடிவிட்டதாக மேலே எழுதிவிட்டார்கள். கடைசித் துறை அதுதான். அதோடு எங்கள் பிரிவுக்கும் வேலை முடிந்தது. நிரந்தரமானவர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், தற்காலிகக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் உத்தரவு மேசையிலேயே கிடந்தது. கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். "நான் சொல்லித்தான் பார்த்தேன்மா, மேல கேக்கல. இப்ப எனக்கே வேற ஊரு," என்றார். பொய் சொல்கிற முகமாகவும் தெரியவில்லை.

அம்மாவின் பெயர் அந்தப் பதிவில் இருந்த வரைக்கும்தான் நானும் இருந்தேன். அங்கே இருந்த மூன்று பேரோடு நாலாவதாக நானும். இது அப்போதே என் புத்திக்கு எட்டியிருக்க வேண்டும். தினமும் அந்தக் காகிதங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா ஒரு வரி கேட்டாள். நான் எழுதவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இங்கே ஒரு வக்கீலுக்குத் தட்டச்சு அடிக்கிறேன், கூப்பிட்ட நாளில் போக வேண்டும். ஊருக்குத் திரும்பி வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் வரவில்லை.

உங்கள் மகள்


ஜனவரி 25

மகளுக்கு அப்பா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. சொன்னபடி உலையில் போட்டேன்.

உன் அம்மா உன் இன்னொரு கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தாள். எனக்கும் படித்துக் காட்டினாள். நான் நல்லது என்று சொன்னேன். உன் அம்மாவிடம் எனக்குப் பொய் சொல்ல வராது, உடனே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவள் வீட்டில் இருக்கிற நேரம் பார்த்துத் தூங்குகிறேன். வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. வா என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். வந்தால் என்ன ஆகும் என்று நீ எழுதியிருக்கிறாய், அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சாப்பிடாமல் இருக்காதே.

அப்பா


பிப்ரவரி 12

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நிரந்தரமாகிவிட்டது என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு முழங்கால் வலிகூடக் குறைந்திருக்கிறது, தைலத்தினால் இல்லை. அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் மனிதர் எந்நேரமும் தூங்குகிறார்.

கட்டடத்தை விற்றுவிட்டார்கள். பெஞ்சுகளை லாரியில் ஏற்றியதைப் பட்டறைக்குப் போகிற வழியில் பார்த்தேன். நின்று பார்க்கவில்லை. சாவிக்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை, கட்டடத்துக்கு எதிரே உள்ள கடைக்காரரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார். காற்புள்ளி சார் ஆள் அனுப்பியிருந்தார். கட்டுரையை எப்படியாவது எழுதி முடித்துக் கொடுக்கச் சொன்னாராம், பட்டம் இல்லாவிட்டாலும் அவர் உட்கார்ந்து திருத்தித் தருவாராம். குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். கிடங்கு வரைக்கும் எழுதினேன். மூட்டைகள் மேல் உட்கார்ந்தவர்களைப் பற்றி எழுதும்போது, இது எங்கே போய் முடியப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கை ஓடவில்லை. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் கைவிட்டவர்களில் அவரும் ஒருவர், இப்போது அவரை இரண்டாவது தடவையும் கைவிட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சின்ன டீச்சர் பட்டறைக்கு வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பல் செட் செய்யக் கற்றுக்கொள்கிறேன், என்ன வேலையானாலும் பரவாயில்லை, உங்க முதலாளிகிட்ட சொல்லுங்கக்கா என்றாள். எனக்குப் பாடம் நடத்தியவள். முதலாளியிடம் கேட்டேன். இருக்கிற ஆட்களுக்கே வேலை இல்லை என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார்.

வாசல் வரைக்கும் கூடவே போனேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். முழங்கால் இல்லை டீச்சர், என் பொண்ணு வேலைக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன், இப்ப அவளுக்கு நிரந்தரம் ஆயிடுச்சு என்று. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க எல்லாருக்கும் போனது போச்சுக்கா. உங்க பொண்ணுக்காவது நின்னுச்சே, அது போதும்," என்றாள். மனசாரச் சொன்னாள். அவளால் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதோடு, "என்ன போஸ்ட்டுக்கா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீ எழுதவே இல்லை. பதிவாளர் ஆபீஸ் என்று மட்டும் சொன்னேன். அவள் மறுபடியும் கேட்பாள். பதவியின் பெயர் என்ன, எந்தப் பிரிவு, என்ன மாதிரியான வேலை என்று எல்லாவற்றையும் விவரமாக எழுது. இந்தத் தடவையாவது தட்டச்சில் அடிக்காமல் உன் கையால் எழுது. அவளிடம் காட்ட வேண்டும்.

அம்மா